இரண்டு வீட்டார், இரண்டு லைன்

என் தங்கையின் திருமணம் 2012இல் சிட்னியின் பிளாக்டவுனில் ஒரு மண்டபத்தில் நடந்தது. யாழ்ப்பாணத்திலிருந்த அம்மாவுக்கு விசா கிடைக்கவில்லை. தாலி கட்டுவதை அவர் இணையத்தில் நேரடியாகப் பார்க்க வேண்டும். அதற்கு நான் பொறுப்பு.

எங்கள் கல்யாணங்களில் செலவையும் வேலையையும் இரண்டு வீட்டாரும் பங்கு போட்டுக்கொள்வார்கள். மேளம் ஒரு பக்கம் என்றால் மாலை மறுபக்கம். இணைய இணைப்பும் அப்படியே ஆனது. மண்டபத்து லைனை நாங்கள் ஏற்பாடு செய்தோம். மாப்பிள்ளையின் தமையனும் விடவில்லை. பக்கத்துக் கட்டடத்திலிருந்த தன் பலசரக்குக் கடையிலிருந்து ஜன்னல் வழியே இன்னொரு வயரை இழுத்து வந்தார். வேண்டாம் என்று சொல்ல எங்களில் யாருக்கும் துணிவில்லை.

ஒளிபரப்பைக் கவனித்தவன் என் அலுவலக நண்பன், மதுரைக்காரன். படத்தை வெளியே அனுப்பும் கணினியில் இரண்டு நெட்வொர்க் கார்டுகள் பொருத்தியிருந்தான். ஒன்றில் எங்கள் லைன், மற்றதில் அவர்களுடையது. பார்ப்பதற்கான முகவரியும் இரண்டு. அவரவர் சொந்தக்காரருக்கு அவரவர் முகவரி.

மாப்பிள்ளை மணவறையில் அமர்ந்ததும் ரொறன்ரோவிலிருந்து அவர்கள் வீட்டாருக்கு அழைப்புகள் வந்தன: படம் நல்ல தெளிவு. என் கைத்தொலைபேசியில் அம்மா இருந்தார்.

“ஒண்டும் தெரியேல்லையடா. வெறும் கறுப்பு.”

லண்டனிலிருந்து சித்தியும் அதையே சொன்னார். மாமா என் காதருகே வந்தார். “அவங்கட ஆக்களுக்கு மட்டும் தெரியுதாம். வடிவாச் செய்திருக்கிறாங்கள்.”

நண்பன் திரையைப் பார்த்தான், பிறகு சிரித்தான்.

“யாரும் எதுவும் செய்யலண்ணே. ரெண்டு வீட்டுக்கும் மரியாதைன்னு ரெண்டு கார்டுலயும் வெளிய போற வழி குடுத்துட்டேன். இப்ப எந்த லைன்ல கேட்டாலும் இந்தக் கம்ப்யூட்டர் மாப்பிள்ளை வீட்டு லைன்லதான் பதில் அனுப்புது. உங்க ஆளுங்களுக்குப் போற பதில் அங்க போனதும், ‘இது என் முகவரி இல்லையே’ன்னு அந்த லைன் தூக்கிப் போட்டுடுது.”

“மெஷினும் மாப்பிள்ளை பகுதிதான் போல,” என்றார் மாமா.

மாப்பிள்ளையின் தாய் இதைக் கேட்டு எழுந்து வந்தார். “தம்பி, எங்கட முகவரியைச் சம்மந்திக்கு அனுப்புங்கோவன்.”

அனுப்பினேன். அம்மா மறுத்துவிட்டார். “பக்கத்து வீட்டுப் பிள்ளை இதைத் திறந்து தந்திட்டுப் போனவள். வேற ஒண்டையும் நான் அமத்தமாட்டன். உள்ளதும் போயிடும்.”

முகூர்த்தம் நெருங்குகிறது என்றார் ஐயர்.

“அப்ப எங்கட வயரைக் கழட்டுங்கோ,” என்றார் மாப்பிள்ளையின் தாய். வயரை இழுத்து வந்த அவருடைய மூத்த மகன் வாயைத் திறந்தார். தாய் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

“வேணாம்மா, ரெண்டும் இருக்கட்டும்,” என்றான் நண்பன். “எந்த லைன்ல கேள்வி வருதோ, அதே லைன்ல பதில் போகணும்னு சொல்லிடணும். அவ்வளவுதான்.”

ஒவ்வொரு கார்டுக்கும் தனித்தனியே வழி எழுதிக் கொடுத்தான். சில வரிகள்தான். நான் தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டேன்.

“வந்திட்டுது!” என்றார் அம்மா. “மாப்பிள்ளையின்ர தலைப்பா சரிஞ்சு கிடக்குது. அங்க ஒருத்தருக்கும் கண்ணில்லையோ?”

மண்டபமே சிரித்தது. தங்கை கையை நீட்டி அதை நேராக்கினாள்.

“இன்னும் சரிஞ்சுதான் கிடக்கு.” படம் யாழ்ப்பாணம் போய்ச் சேரச் சற்றுப் பிந்தியது. “ஆ, இப்ப சரி.”

கெட்டிமேளம் எழுந்தது. மாப்பிள்ளை தாலி கட்டினார், அரிசி பறந்தது. மேளம் ஓய்ந்து, ஆட்கள் வாழ்த்துச் சொல்ல எழும்பியபோது, என் கையிலிருந்த தொலைபேசியில் அதே கெட்டிமேளம் சின்னதாக மறுபடி கேட்டது. அதற்கு மேலாக அம்மாவின் அழுகையும் சிரிப்பும்.

“அங்க இப்பத்தான் கட்டுறார்,” என்றார் மாப்பிள்ளையின் தாய். தட்டிலிருந்து இன்னொரு பிடி அரிசி அள்ளி, இருவர் தலையிலும் போட்டார்.