எண்ணெயில் ஊறிய டியூப்

கன்ட்ரோல் எலிகள் எங்கள் காலை வாரிய கதையை இப்போது சொன்னால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு அழுகைதான் வந்தது.

எழுபதுகளின் நடுவில் அடையாறில் ஒரு சோதனைக்கூடத்தில் டெக்னிக்கல் அசிஸ்டென்டாக இருந்தேன். மந்தைவெளியிலிருந்து பஸ்ஸில் போய்வருவேன். பிளாஸ்டிக் வளைந்து கொடுப்பதற்காக அதில் எண்ணெய் மாதிரி ஒரு கெமிக்கல் சேர்ப்பார்கள். பிளாஸ்டிசைசர் என்று பெயர். அது ஆண் எலியின் வம்சத்தைக் கெடுக்கிறதா என்று பார்ப்பது எங்கள் வேலை. ஒரு கூட்டத்துக்குக் கடலை எண்ணெயில் கெமிக்கலைக் கலந்து புகட்டுவோம். ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான கன்ட்ரோல் கூட்டத்துக்கு வெறும் கடலை எண்ணெய். பத்து வாரம் கழித்துப் பெண் எலிகளோடு ஜோடி சேர்த்துவிட்டு, பிறக்கும் குட்டிகளை எண்ணுவோம். சொந்தக்காரர்கள் கேட்டால் "ஆராய்ச்சி" என்று சொல்லிவிடுவேன். எலிக்குச் சாந்தி முகூர்த்தம் நடத்துகிறேன் என்று கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு சொல்ல முடியுமா?

எலிகளுக்கு எண்ணெய் புகட்டியவன் அந்தோணி. பெசன்ட் நகர் கடற்கரைக் குப்பத்துக்காரன், என் வயதுதான். எழுத்து தெரியாது. அதனால் கன்ட்ரோல் எலியின் வாலில் ஒரு மஞ்சள் கோடு, மருந்து எலியின் வாலில் இரண்டு. பாட்டில்களிலும் அப்படியே. மூன்று வருஷமாகத் தற்காலிகமாக இருந்த அவனை நிரந்தரமாக்கும் ஆர்டர் அந்த மாதம்தான் கையெழுத்துக்குப் போயிருந்தது.

குட்டிகளை எண்ணினோம். மருந்துக் கூட்டத்தில் ஈற்றுக்கு மூன்று, நான்கு. சரி. கன்ட்ரோலிலும் நான்கு, ஐந்து. எங்கள் மேலதிகாரி டாக்டர் வரதனுக்கு முகம் சிவந்துவிட்டது.

"வெறும் எண்ணெய் குடிச்ச எலி எப்பவும் பத்து போடும். இவன் ரெண்டு கூட்டத்துக்கும் ஒரே பாட்டில்லேர்ந்து ஊத்திண்டிருக்கான். சனிக்கிழமையோட நின்னுக்கச் சொல்லு."

"ஒரு கோட்டுக்கு ஒரு பாட்லு, ரெண்டு கோட்டுக்கு ஒரு பாட்லு. மாத்தி ஊத்த நான் இன்னா குடிச்சிட்டா வரேன்?" என்றான் அந்தோணி. "நீங்க சொல்லுங்க மேடம்."

நான் குட்டிக் கணக்கு நோட்டைப் புரட்டினேன். பாட்டில்களை நிரப்புகிறவள் நான். என் தலை தப்பியதே என்று நின்றேன். நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

சனிக்கிழமை, வேலையை விட்டுப் போகிற அந்தோணி எலிக்கூடத்தைக் கழுவிக்கொண்டிருந்தான். எண்ணெய் டின்னைத் திறந்து உள்ளே கிடந்த டியூபை இழுத்தான்.

"இன்னா மேடம் இது, வெறகு மாதிரி கீது. வாங்கசொல்லோ பாம்பாட்டம் வளைஞ்சுதே."

அந்த டியூப் என் கைவண்ணம். டின்னிலிருந்து எண்ணெய் இறக்க வாயால் உறிஞ்சினால் எச்சில் படும். வெளியே தொங்கவிட்டால் தூசி, கண்டவர் கை. எங்கள் வீட்டு மடி புத்தி சும்மா இருக்குமா? தி. நகரில் பத்தடி பிளாஸ்டிக் டியூப் வாங்கி, சுருட்டி எண்ணெய்க்குள்ளேயே முக்கி வைத்தேன். எப்போதும் எண்ணெய் நிறைந்திருக்கும். நுனியை அடைத்து வெளியே இழுத்துக் கீழே பிடித்தால் தானாக இறங்கும். பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தேன்.

டியூபை வாங்கி வளைத்தேன். படக்கென்று ஒடிந்தது.

அந்தோணி வாளியோடு வெளியே போனான். நான் துண்டுகளை எடுத்துக்கொண்டு நேராகக் குப்பைத்தொட்டிக்குப் போனேன். ஆமாம், அங்கேதான் போனேன். கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு டாக்டர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவரும் ஒரு துண்டை ஒடித்துப் பார்த்தார். "வாங்கறச்சே மெத்துனு இருந்துதா?"

"இருந்தது சார்."

"அந்த மெத்து இப்போ எங்கே?"

"எண்ணெய்ல சார். அங்கேர்ந்து கன்ட்ரோல் எலிக்கு."

துண்டை மேஜைமேல் வைத்தார். "எச்சில் படக்கூடாதுன்னா பண்ணினே?"

"ஆமாம் சார்."

"நானா இருந்தாலும் அதைத்தான் பண்ணித் தொலைச்சிருப்பேன்" என்று முணுமுணுத்தார். அந்தோணியை நிறுத்த எழுதி வைத்திருந்த மெமோவைக் கிழித்துவிட்டு, என் பெயருக்கு ஒன்று எழுதினார். பத்து வார வேலையை முதலிலிருந்து செய்தோம், கண்ணாடிக் குழாயோடு. கன்ட்ரோல் எலிகள் பத்து பத்தாகப் போட்டன. அந்தோணிக்கும் ஆர்டர் வந்தது.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். முடிவு உதைத்தால் அடுத்தவன் கையைப் பார்க்காதீர்கள். நீங்கள் எதைப் பற்றி ரொம்பப் பீற்றிக்கொண்டீர்களோ, அதை முதலில் தோண்டுங்கள்.

பல வருஷம் கழித்து, நான் ஓய்வு பெற்ற அன்று, அந்தக் குப்பைத்தொட்டி விஷயத்தை அந்தோணியிடம் சொன்னேன்.

"தெரியும் மேடம். ஜன்னலாண்டதான் நின்னுகினு இருந்தேன்."

"அப்போ ஏன் ஒண்ணும் கேக்கலை?"

"எலிய இன்னா கேக்குறது? இன்னா பண்ணுதுன்னு பாக்கணும். நீங்க கத்துக்குடுத்ததுதானே."