பஸ் ஏறிய கவிஞர்

கந்தப்பளைப் பக்கத்து எங்கள் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தின் இரும்பு அலமாரியைத் திறந்ததும், ஈரக் காகிதமும் பூச்சி உருண்டையும் கலந்த வாசனை மூக்கில் ஏறும். நான்காம் வகுப்பில் ஒருநாள் அதற்குள்ளிருந்து, ஒரு பெண் கவிஞரின் வாழ்க்கையைப் படங்களாகச் சொல்லும் மெல்லிய புத்தகமொன்றை நானும் திலகாவும் இழுத்தெடுத்தோம். முதல் பக்கத்திலேயே எங்களுடையதைப் போல வரிசையாய் ஒட்டிய வீடுகள் கொண்ட ஒரு "லயம்", தகரக் கூரை, வாசலில் காயும் கொழுந்துச் சாக்கு. கவிஞர் என்றாலே தாடி வைத்த பெரியவர் என்று நினைத்திருந்த நாங்கள் வாயைப் பிளந்துவிட்டோம்.

படத்திலிருந்த சிறுமி, தம்பியைப் பார்த்துக்கொள்வதற்காகப் பத்து வயதில் பள்ளியை விட்டு நின்றாள். அவன் உறங்கும் நேரத்தில் சீனி சுற்றி வந்த தாளில் கவிதை எழுதினாள். ஒருநாள் அந்தத் தாள்களோடு மழையில் பஸ் ஏறினாள். அத்தோடு சரி, அடுத்த பக்கத்தை யாரோ கிழித்திருந்தார்கள்.

எனக்கு அது கதை. திலகாவுக்கு அப்படியில்லை. அவள் அம்மா வீட்டு வேலைக்கு வெளிநாடு போக இருந்தார். குழந்தைகளைப் பார்க்கும் "பிள்ளைக் காம்பரா" மூடிக் கிடந்ததால், மூன்று வயதுத் தம்பியோடு திலகா பள்ளியை விட்டு வீட்டில் நிற்பதென்று முடிவாகியிருந்தது.

"பஸ் ஏறி எங்க போனாங்கன்னு எனக்குத் தெரியணும்டி," என்றாள்.

சனிக்கிழமை லீக்ஸ் காய்கறி மூட்டையோடு நுவரெலியாவுக்குப் புறப்பட்ட என் அப்பாவை நச்சரித்து ஒட்டிக்கொண்டோம். அங்குள்ள நூலகத்தில் இருந்த பெண்மணிக்குத் தமிழ் தெரியாது. புத்தகம் என்பதற்கு நான் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் "பொத, பொத" என்றேன். திலகாவோ சிறுமி, மழை, பஸ் எல்லாவற்றையும் கையாலேயே நடித்துக் காட்டினாள். அவர் சிரித்துக்கொண்டே எங்களைச் சிறுவர் பகுதிக்கு அழைத்துப்போனார். அங்கே, கீழ்த்தட்டில், அதே அட்டை! கடைசிப் பக்கத்துக்குப் பாய்ந்தோம். ஒரு வகுப்பறை; கடைசி வாங்கில் உட்கார்ந்து, மற்றவர்களைவிட ஒரு சாண் உயரமாய் அவள். மீண்டும் படிக்கப் போனார், இன்றும் எழுதிக்கொண்டிருக்கிறார் என்று, கண்ணாடி போட்ட அவருடைய இப்போதைய படத்தின் கீழே போட்டிருந்தது.

நின்றாலும் திரும்பிப் போகலாம் என்று நான் குதித்தேன். திலகா புத்தகத்தை மூடினாள்.

"நான் ஏன் நிக்கணும்?"

திரும்பும் பஸ்ஸில் கண்ணாடி போட்ட பெண்களையெல்லாம் உற்றுப் பார்த்தோம். யாராவது ஒருவர் அவராக இருந்துவிட்டால்?

அவள் அம்மா விமானம் ஏறிய மறுவாரம், திலகா தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வகுப்பு வாசலில் வந்து நின்றாள்.

"இவன் அழுதா நான் வெளிய போயிருவேன் டீச்சர். அழாத வரைக்கும் படிக்கிறேன்."

டீச்சர் உள்ளே வரச் சொன்னார். அவன் நிறைய அழுதான். ஆனாலும் அவள் ஒருநாள்கூட வராமல் இருக்கவில்லை. இன்று ஹட்டன் ஆஸ்பத்திரியில் தாதியாக இருக்கிறாள்.

போன வாரம் அந்தப் பள்ளிக்குப் போயிருந்தேன். எல்லா வகுப்புகளும் ஒன்றாக இரைந்துகொண்டிருந்த அரைச்சுவர் மண்டபம் போய், மாடிக் கட்டடம் வந்துவிட்டது. வகுப்பு வகுப்பாக எட்டிப் பார்த்தேன். எந்தப் பிள்ளையின் மடியிலும் குழந்தை இல்லை.