வியாழக்கிழமை வெந்நீர்

எங்கள் முதியோர் இல்லத்தில் யாரும் கிளம்பும்போது "போயிட்டு வாரேன்" என்று சொல்லக் கூடாது. நத்தம் சாலையில் தன் மாந்தோப்பில் பாதியைக் கொடுத்து இல்லத்தைக் கட்டிய ஐயா போட்ட சட்டம் அது. அவர் திண்டுக்கல்லில் பம்புசெட் கடை வைத்திருந்தவர். "புள்ளைக வாரேன்னு சொல்லிட்டுப் போயிருதுக. இதுக கேட்டையே பாத்துக்கிட்டு வருசக்கணக்காக் கெடக்குதுக" என்பார்.

அதனால் அவர் கிளம்பும்போது, "போறேன். வியாழக்கிழம வருவேன்" என்று நாளோடு சொல்வார். போறேன் என்ற சொல் காதில் விழுந்ததும் ஆத்தாக்கள் பதறிப் போவார்கள். "அட ஏன்ப்பு, வாயக் கழுவு!"

"வரலேன்னா அப்பத் திட்டு ஆத்தா" என்று சிரிப்பார். ஒரு வியாழன்கூடத் தவறியதில்லை.

வந்ததும் தரையில் உட்கார்ந்து எல்லோருக்கும் கால் நகம் வெட்டுவார். இதற்கெல்லாம் ஆள் வைக்கலாமே என்று நான் ஒருமுறை கேட்டுத் தொலைத்தேன். நான் அங்கே நர்ஸ். நாக்கில் எனக்கு எப்போதும் சனி. "பணம் குடுக்குறது லேசும்மா. கால யாரு புடிக்கிறது?" என்றார். நான் போய் வெந்நீர் கொண்டுவந்தேன்.

இருந்தவர்களில் ஆறு பேர் பழைய ராணுவக்காரர்கள். அதில் ஒருவரைப் பட்டாளத்தய்யா என்போம். எல்லையில் பனிக்கு இடது காலில் இரண்டு விரலைக் கொடுத்தவர். சர்க்கரை வேறு. கட்டைவிரல் நகம் வளைந்து சதைக்குள் இறங்கும். வாராவாரம் பார்த்துச் சீவ வேண்டும். இன்னொரு தடவை புண் வந்தால் கால் மிஞ்சாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் ஐயாவைத் தவிர யாரையும் அவர் கிட்டே விடமாட்டார். நான் ஒருமுறை குனிந்ததற்கு, "பொம்பளப்புள்ள கால் புடிக்கிறதா? எந்திரி!" என்று போட்ட சத்தத்தில் கத்தரியை விட்டுவிட்டு ஓடினேன்.

அந்த வியாழன் காலை ஏழு மணிக்கு ஐயாவின் மகன் போன் செய்தார். ராத்திரி நெஞ்சுவலி என்று சேர்த்த மதுரை ஆஸ்பத்திரியில் விடியற்காலை ஐயாவின் உயிர் போய்விட்டது. "வீட்டுக்குக் கொண்டுவர மதியமாயிரும். அதுவரைக்கும் பெருசுககிட்ட சொல்லிராதீங்கக்கா. கேட்டு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிருச்சுன்னா..." என்றார். ஸ்டோர் ரூமில் நின்று அழுதேன். முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தேன்.

ஒன்பது மணிக்குப் பட்டாளத்தய்யா தேய்த்த சட்டையோடு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நகம் இளகுவதற்காக வெந்நீர்ப் பேசினில் கால். சூடு அவர் காலுக்குத் தெரியாது என்பதால் என் முழங்கையை விட்டுப் பார்த்துத்தான் வெந்நீர் ஊற்றுவேன். அப்போதே கவனித்தேன், நகத்தின் ஓரம் சிவந்திருந்தது.

"தண்ணி ஆறிருச்சும்மா."

மாற்றினேன். "வண்டி பஞ்சராயிருக்கும்" என்று ஒரு பொய்யும் ஊற்றினேன். அவர் கேட்டையே பார்த்தார். பத்தரை மணிக்கு மறுபடியும் ஆறிவிட்டது. சொன்னால் அவர் நெஞ்சு தாங்குமா, சொல்லாவிட்டால் இந்தக் கால் தாங்குமா? இனி யாருக்கு இந்தக் காலை நீட்டுவார்? மூன்றாவது தடவை ஊற்றும்போது தண்ணீர் தரையெல்லாம் சிந்தியது.

"கடையில வேலையாம்யா. அடுத்த வாரம் வாரேன்னு சொல்லச் சொன்னாரு."

அவர் மெல்லத் திரும்பினார். "வாரேன்னா சொன்னாரு?"

அப்போதுதான் உறைத்தது. ஐயா வாயில் வராத சொல்லை வைத்துப் பொய் சொல்லியிருக்கிறேன், மடச்சி.

"போன வாரமும் அப்பிடித்தேன் சொன்னாரு" என்றார். "அந்தக் கேட்டுக்கிட்ட செத்த நேரம் நின்னுட்டு, போயிட்டு வாரேன்யான்னாரு. நாள் சொல்லல. எனக்கு அப்பவே மனசு சரியில்ல." என் கண்ணைப் பார்த்துக் கேட்டார். "எப்பம்மா?"

"விடியக்காலைல."

தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். நான் அவர் நாடி பார்க்கக் கை நீட்டினேன். அவரோ காலைத் தண்ணீரிலிருந்து எடுத்து என் பக்கம் நீட்டினார்.

"தண்ணி ஆறுறதுக்குள்ள வெட்டு."

தரையில் உட்கார்ந்தேன். ஒரு நகத்துக்குப் பத்து நிமிடம் ஆனது. சதையில் படவில்லை, அது போதும். துடைத்துவிட்டு எழுந்தபோது துண்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"நாளச் சொல்லிட்டுப் போ."

"வியாழக்கிழம" என்றேன்.

மூன்று வருடமாகிறது. கால் இன்னும் இருக்கிறது. நான் லீவு போட்டாலும் வியாழனில் போடுவதில்லை. திங்கட்கிழமையே கவலை தொடங்கிவிடும்: பஸ் ஓடுமா, மழை கொட்டுமா, எனக்கு ஏதாவது வந்துவிடுமா.

இன்று புதன். காலையிலிருந்து தொண்டை லேசாகக் கரகரக்கிறது.