கெட்டிமேளத்தில் திறந்த கூரை

சச்சிதானந்தன் கடல் கடந்து வந்து பார்க்டேலில் குடியேறிய காலத்திலிருந்தே நகர நடுவிலுள்ள பழைய ஹோட்டல் ஒன்றில் விருந்துகளுக்குக் கதிரை மேசை அடுக்கும் வேலை செய்தார். அங்கே ஒரு காலத்தில் பெரிய நடன மண்டபம் இருந்ததாம், சீமான்கள் ஆடினார்களாம் என்று முதிய வாடிக்கையாளர்கள் சொன்னால் அவருக்குச் சிரிப்பு வரும். தலையில் இடிக்கும் இந்த வெள்ளை அட்டைக் கூரைக்குக் கீழே எந்தச் சீமான் ஆடுவான்? கட்டடத்தையே இடிக்கப் போகிறார்கள் என்ற பேச்சும் அடிபட்டது.

தொண்ணூற்று நான்கில் தங்கை நிலாணிக்குக் கலியாணம் சரிவந்தது. எல்லோரும் பள்ளிக்கூட மண்டபங்களைத் தேட, மனுசன் மட்டும் ஒற்றைக்காலில் நின்றார்: தன் ஹோட்டலில்தான் கலியாணம்! மண்டபத்துக்குள் ஓமம் வளர்க்க மனேஜர் லேசில் சம்மதிக்கவில்லை.

"ஏதாவது பிசகினால் உன் வேலை போய்விடும்," என்றார். சச்சிதானந்தன் தலையாட்டிவிட்டு வந்தார்.

முகூர்த்தம் வந்தது. ஐயர் உற்சாகத்தில் நெய்யை அள்ளி ஊற்றினார். புகை குபுகுபுவென்று ஏற, தீ எச்சரிக்கை மணி அலறத் தொடங்கியது. தாலி கட்டும்போது அபசகுனச் சத்தம் காதில் விழலாமா? தவில்காரர் கெட்டிமேளம் முழக்கினார். மணி அலற அலற, அதைவிட உரக்க அடித்தார். வெளியே ஓடவேண்டிய சனமெல்லாம் வாழ்த்தித் தூவ அறுகரிசியோடு மணவறையை நெருங்கியது.

"அண்ணை, உது என்ன சத்தம்?" என்றாள் நிலாணி.

"மேளந்தான். நீ தலையைக் குனி!" என்றார் சச்சிதானந்தன். வேலை போயே போச்சு என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

தாலி ஏறவும் தீயணைப்புக்காரர்கள் கதவைத் தள்ளிக்கொண்டு நுழையவும் சரியாக இருந்தது. அறுகரிசி அவர்கள் தலையிலும் விழுந்தது. நெருப்பு மேலே பரவியிருக்குமோ என்று, ஒருவர் மண்டபத்தின் பின்பக்கத்தில் நீண்ட கொக்கியால் கூரை அட்டையைக் குத்தி இழுத்தார். ஒன்று விழுந்தது. பிறகு ஒரு வரிசையே பொலபொலவென்று கொட்டியது.

மேளம் நின்றது. எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். வெகு உயரத்தில் இன்னொரு கூரை! நீல வானம் தீட்டி, ஓரமெல்லாம் பொன்னிறக் கொடி ஓடவிட்ட கூரை. அடேயப்பா, சீமான்கள் ஆடியது மெய்தான்! சச்சிதானந்தனுக்கு வேலை போகிற கவலைகூட ஒரு கணம் மறந்துபோயிற்று.

மனேஜர் முகம் சிவக்க ஓடிவந்தார். ஏச வாயைத் திறந்தவர் மேலே பார்த்தார். திறந்த வாய் மூடவில்லை. பிறகு சச்சிதானந்தனின் தோளைப் பிடித்தார்.

"மிச்ச அட்டையும் விழவேண்டும். உனக்கு இன்னும் தங்கைகள் இருக்கிறார்களா?"