தேவகியின் கட்டைவிரல்

திருத்தணி மலையடிவாரத்தில் இருபது வருடமாகப் பூக்கட்டி விற்கும் தேவகிக்கு, பக்கத்துக் கடைக் கல்பனாவைக் கண்டாலே வயிறு எரியும். பத்து முழம் கட்டியதும் கல்பனா எழுந்து நின்று கைகளை உதறுவாள், விரல்களை நீவிவிடுவாள்.

“மகாராணி எழுந்துட்டா” என்று நொடித்துக்கொள்ளும் தேவகி, உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையமாட்டாள்.

ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள், காவடிக்காரர்கள் கடையை மொய்த்த நேரத்தில், தேவகியின் கட்டைவிரல் மடங்கியபடியே நின்றுவிட்டது. கல்பனாவோ ஐம்பதாவது முழத்தையும் சிரித்துக்கொண்டே கட்டினாள். பாழாய்ப்போன அந்த விரல்கள் மட்டும் வலிக்கவே வலிக்காதா?

கல்பனா மறுபடி எழுந்தபோது தேவகியும் எழுந்தாள். “கால் மரத்துப்போச்சு” என்று யாரும் கேட்காமலே சொல்லிவிட்டு, கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்து உதறினாள்.

“முன்னாடி வெச்சே ஒதறுக்கா” என்றாள் கல்பனா. “நான் வேணா திரும்பிகினு நிக்கிறேன்.”