கடைசிவரை பார்க்காத படம்

எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தியைப் பற்றி நான் கேமரா முன்னால் பொய் சொன்னேன். அந்தப் பொய் அவள் குடும்பத்தைக் கலைத்துக்கொண்டிருந்தபோது, அவளே என் வீட்டுக்கு வந்து ஒரு சின்ன உதவி கேட்டாள். ஒரு படத்தைக் கடைசிவரை பார்க்கச் சொன்னாள். அதையும் நான் செய்யவில்லை. இரண்டில் எது பெரிய தவறு என்று கேட்டால், இரண்டாவது என்றுதான் சொல்வேன்.

படம் என்றால் சினிமா இல்லை, ஆவணப்படம். செல்போனில் விளையாடும் விளையாட்டுகளையும் அவற்றை விளையாடுகிறவர்களையும் பற்றியது. அதை எடுக்க வெளியூரிலிருந்து மூன்று பேர் கொல்லிமலைக்கு வந்தார்கள். அவர்களுக்குத் தலைமை ஒரு இளம்பெண். எங்கள் ஊரைத் தாண்டி, மலை சரியத் தொடங்கும் விளிம்பில் ஒரு பாறை இருக்கிறது. ஊருக்குள் வீட்டு மூலையில் நின்று கத்த வேண்டிய போன், அந்தப் பாறையில் அடிவாரத்து டவரை நேராகப் பிடிக்கும். சாயங்காலமானால் பிள்ளைகள் அங்கே வரிசையாக உட்கார்ந்து செல்போனில் துப்பாக்கிச் சண்டை விளையாடுவார்கள். அந்தப் பாறையைத் தேடித்தான் அவர்கள் வந்தார்கள்.

நான் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். மலையில் எங்கள் பகுதியான திருப்புலி நாட்டில் ஆங்கிலம் எம்.ஏ. படித்தவர்களில் மூத்தவன். மனு எழுதவும், வந்த கடிதத்தைப் படித்துச் சொல்லவும், கல்யாணத்தில் நாலு வார்த்தை பேசவும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். படம் எடுக்க வந்தவர்களும் என்னிடம் வந்தார்கள். புத்தக அலமாரிக்கு முன்னால் நாற்காலி போட்டு, சட்டையில் மைக் மாட்டினார்கள்.

முதல் தடவை நான் உண்மையைத்தான் சொன்னேன். இந்த விளையாட்டுகளைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, பிள்ளைகள் சாயங்காலம் பாறையில் உட்கார்ந்திருப்பார்கள், அவ்வளவுதான் பார்த்திருக்கிறேன் என்றேன். அப்போது சாலையில் பஸ் ஹாரன் அடித்தது. திரும்பச் சொல்லச் சொன்னார்கள். இரண்டாவது தடவை கொஞ்சம் சேர்த்துக்கொண்டேன்: படிப்பு கெடுகிறது, பெரியவர்கள்கூட கெட்டுப்போகிறார்கள் என்று. மைக் கழன்று விழுந்தது. மூன்றாவது தடவை அவர்கள் கேட்காமலே ஓர் எடுத்துக்காட்டு சொன்னேன். ஒரு கருத்தைச் சொன்னால் உடனே ஓர் எடுத்துக்காட்டு சொல்ல வேண்டும். வகுப்பில் என் பழக்கம் அது. எடுத்துக்காட்டு இல்லாவிட்டால் எனக்குப் பேசிய மாதிரியே இருக்காது.

"கைக்குழந்தையோடு ஒரு பெண் அந்தப் பாறைக்கு வருகிறாள். கணவன் வெளியூரில் உழைக்கிறான். இவள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, முகம் தெரியாத ஆண்களோடு சிரித்துச் சிரித்து விளையாடுகிறாள். மடியில் குழந்தை அழுகிறது. அவளுக்கு அது கேட்பதில்லை."

அவர்களுக்குத் தலைமை தாங்கிய பெண் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். நீங்களே நேரில் பார்த்தீர்களா சார் என்றாள். பார்த்தேன் என்றேன்.

பார்த்தது உண்மை. சாயங்கால நடைக்குப் போகும்போது சாலையிலிருந்து பார்த்தேன். அவள் சிரித்ததும் உண்மை. "வாங்க வாங்க, நான் இருக்கேன், பின்னால ஒருத்தன் வாரான் பாருங்க" என்று அவள் சொன்னதும் காதில் விழுந்தது. மடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அழவில்லை. அழுததாகச் சொன்னால் பேச்சு எடுப்பாக இருக்கும் என்று எனக்கு அந்த நிமிடம் தோன்றியது.

சில மாதங்கள் கழித்து, படம் இணையத்தில் வந்துவிட்டது என்று லிங்க் அனுப்பினார்கள். மடிக்கணினியில் திறந்து, நின்று நின்று வரும் வீட்டு நெட்டில் என் முகம் வரும்வரை ஓட்டினேன். கால் மணி நேரத்துக்குள் வந்தேன். நன்றாகவே இருந்தேன். கண்ணாடி, அலமாரி, நிதானமான குரல். திரும்ப ஓட்டி, செல்போனைத் திரைக்கு முன்னால் பிடித்து, என் பகுதியை மட்டும் பதிவு செய்தேன். நம் பிள்ளைகளைக் காப்போம் என்று ஒரு வரி எழுதி, பழைய மாணவர்களும் ஊர்க்காரர்களும் இருக்கும் வாட்ஸாப் குழுவில் போட்டேன். பிறகு மடிக்கணினியை மூடிவிட்டேன். விளையாட்டே வீண் என்றால் விளையாட்டைப் பற்றிய படம் அதைவிட வீண் என்பது என் எண்ணம்.

நான் பெயர் சொல்லவில்லைதான். ஆனால் குழந்தையோடு பாறைக்குப் போகிற பெண் ஊரில் ஒருத்திதான். தண்ணீர்க் குழாயில் பெண்கள், சண்டைக்குப் போகிற நேரத்தில் குடத்தோடு வந்துவிட்டாயே என்று அவளைக் கேட்டார்களாம். பஸ்ஸில் கண்டக்டர், பாறைக்கு டிக்கெட் கிழிக்கட்டுமா கண்ணு என்றாராம். குடகில் மிளகு பறிக்கிற எஸ்டேட்டுக்கும் அந்தத் துண்டு போய்ச் சேர்ந்தது. அவள் கணவன் அங்கேதான் வேலையில் இருந்தான். மாமனார் அவள் போனை வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

அவள் மறைக்கவில்லை. உங்கள் மகனோடுதான் விளையாடுகிறேன் என்று மாமனாரிடம் சொல்லியிருக்கிறாள். பிள்ளை பெற்றவன் பொம்மைத் துப்பாக்கி வைத்துக்கொண்டு விளையாடுவானா என்று அவர் மகனுக்கே போன் போட்டுக் கேட்டார். எஸ்டேட் ஆட்கள் ஏற்கனவே அவனைக் கேலி செய்துகொண்டிருந்தார்கள். அப்பாவிடம் அதை ஒப்புக்கொள்ள அவனுக்குக் கூச்சம். எனக்கு ஏதுப்பா அதுக்கெல்லாம் நேரம் என்று சொல்லிவிட்டான். ஒரே பதிலில் அவள் பொய்க்காரி ஆகிவிட்டாள்.

அதற்குப் பிறகுதான் அவள் என்னிடம் வந்தாள். என்னிடம் படித்தவள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசல்படியிலேயே நின்றாள்.

"சார், நான் சொன்னா ஊட்டுல நம்ப மாட்டேங்கறாங்க. படத்தோட கடைசியில நாங்க ரெண்டு பேரும் வாரோமாம். படம் எடுத்த அக்கா சொன்னாங்க. எங்கிட்ட போன் இல்லீங்க. நீங்க ஒரு தடவ முழுசா பாத்துட்டு, எங்க மாமனாருகிட்ட சொன்னீங்கன்னா போதும்."

"அந்த மாதிரிப் படமெல்லாம் உக்காந்து பாக்க எனக்கு நேரமில்ல கண்ணு. உன் நல்லதுக்குத்தான் சொன்னேன்" என்றேன்.

"குழந்த அழுவலீங்க சார்" என்றாள்.

அவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். நேரமில்லை என்று நான் சொன்னது இரண்டாவது பொய். ஓய்வூதியக்காரனுக்கு நேரத்துக்கு என்ன குறை? பார்த்தால் நான் சொன்னதையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கும் என்று உள்ளுக்குள் தெரிந்திருந்தது. அந்த வாரமே அவள் குழந்தையோடு முள்ளுக்குறிச்சியில் உள்ள தாய்வீட்டுக்கு இறங்கிப் போய்விட்டாள். ஒவ்வொரு வருடமும் ஆடிப் பதினெட்டுக்கு ஊர் வருகிற அவள் கணவன் அந்த வருடம் வரவில்லை.

நான் படத்தைப் பார்த்தது மனச்சாட்சி உறுத்தியதால் அல்ல. அதையும் சொல்லிவிட வேண்டும். சென்னையில் வேலை பார்க்கும் பழைய மாணவன் ஒருவன் போன் செய்து, "சார், படம் பாத்தேன். கடைசியில உங்களை வெச்சு செஞ்சுட்டாங்களே சார்" என்று சிரித்தான். என்னை என்ன செய்துவிட்டார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான் அன்று மதியம் உட்கார்ந்தேன்.

படத்தின் கடைசிப் பகுதி எங்கள் பாறையில் தொடங்குகிறது. அவள் உட்கார்ந்திருக்கிறாள். மடியில் குழந்தை துண்டைப் போர்த்திக்கொண்டு தூங்குகிறது. அதன்மேல் என் குரல் ஓடுகிறது: மடியில் குழந்தை அழுகிறது, அவளுக்கு அது கேட்பதில்லை. குழந்தை தூக்கத்தில் வாயைச் சப்புக்கொட்டுகிறது. யாரும் என்னைத் திட்டவில்லை. என் குரலையும் அந்தக் குழந்தையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு நகர்ந்துவிட்டார்கள். அவளை நான் எடுத்துக்காட்டாக்கினேன். அந்தப் படத்துக்கு எடுத்துக்காட்டு நான்.

பிறகு குடகு எஸ்டேட்டின் லயம், தொழிலாளர்களின் வரிசை வீடுகள். மிளகுக் கறை படிந்த விரல்களோடு அவள் கணவன் அதே ஆட்டத்தில் இருக்கிறான். "நீ வீட்டுக்குள்ள போ, நான் வாசல்ல நிக்கறேன்" என்று அவளிடம் சொல்கிறான். ஆட்டத்தில் வருகிற வீடுதான். ஆட்டம் முடிந்ததும் கேமராவைப் பார்த்துச் சொல்கிறான்:

"போன்ல பேசுனா, சாப்டியா தூங்குனியான்னு ரெண்டு நிமிசத்துல பேச்சு தீந்து போயிருதுங்க. அப்பறம் ரெண்டு பேரும் சும்மா மூச்சு உட்டுக்கிட்டு இருப்போம். இதுல ஒரு மணி நேரம் கூடவே நடக்கலாமுங்க."

அவன் இதை வெளியூர்க்காரர்களிடம் சொல்லிவிட்டான். தன் அப்பா இப்படியொரு படத்தை ஒருநாளும் பார்க்கப்போவதில்லை என்ற தைரியம். ஊரில் எல்லோரும் பார்த்தது என் துண்டை மட்டும்தான்.

அதற்குப் பிறகு சில மாதங்கள் இந்த வகைப் படங்களைத் தேடித்தேடிப் பார்த்தேன். தண்டனை மாதிரிதான் தொடங்கினேன். பாதி வெறும் சத்தம். பெரிய அரங்கு, விளக்கு, கோப்பை, கைதட்டல். இன்னும் சில பயமுறுத்தவே எடுத்தவை. இருட்டறையில் ஒரு பையன், பின்னணியில் சோக இசை. இரண்டிலும் அலமாரிக்கு முன்னால் கண்ணாடி போட்ட ஒருவர் உட்கார்ந்து, தான் ஒருநாளும் தொடாத விஷயத்தைப் பற்றி உறுதியாகப் பேசுகிறார். அவரைப் பார்க்கும்போதெல்லாம் உடம்பு கூசும். ஆனால் சில படங்கள் வேறு மாதிரி. எடுத்தவர்கள் அவசரப்படாமல் கூடவே இருந்திருக்கிறார்கள். ஒன்றில், விளையாட்டை உருவாக்குகிறவர்கள் ஒரு பொம்மை குதித்து இறங்குவது சரியாக வரவில்லை என்று நாள்கணக்கில் திருத்துகிறார்கள். வாய் பேசாத ஒருவர் ஆட்டத்தில் மட்டும் எல்லோருக்கும் வழிகாட்டுகிறார். அப்படிப்பட்டவை பார்க்கத் தகுந்தவையா என்று கேட்டால், தகுந்தவைதான். பள்ளியில் வருடக்கணக்காக இருந்தும், என் பிள்ளைகள் எதற்காகச் சிரிக்கிறார்கள் என்று நான் அவ்வளவு நேரம் கவனித்ததில்லை. ஆனால் பாதியில் நிறுத்துகிறவன் தொடாமல் இருப்பதே மேல்.

பரிகாரம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. முதலில் முள்ளுக்குறிச்சிக்குப் போனேன். படத்தை முழுதாகப் பார்த்தேன், நான் சொன்னது பொய் என்று அவளிடம் சொன்னேன். அவள் களை பறித்துக்கொண்டிருந்தாள். எழுந்து நின்று கேட்டாள். ஆச்சரியப்பட்ட மாதிரித் தெரியவில்லை.

"எனக்கு எதுக்குங்க சார் சொல்றீங்க? எனக்குத்தான் தெரியுமே" என்றாள். "எங்க மாமனாரு பாக்கணும். முழுசா பாக்கணும். நீங்களும் கூட உக்காந்திருக்கணும்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மடிக்கணினியை எடுத்துக்கொண்டு அவள் மாமனார் வீட்டுக்குப் போனேன். பாறைக்குப் போய்ப் படத்தை முன்கூட்டியே இறக்கிவைத்திருந்தேன். அவரும் அவர் மனைவியும் கட்டிலில் உட்கார்ந்தார்கள், நான் ஸ்டூலில். என் முகம் வந்தபோது, இது நீங்கள் பார்த்ததுதானே என்று ஓட்டப் போனேன். "ஓட்டாதீங்க வாத்தியாரே, இருக்கட்டும்" என்றார். இருந்தேன். ஆங்கிலம் வந்த இடங்களில் நான் தமிழில் சொன்னேன். இடையில் அவர் வெளியே போய் மாட்டை மாற்றிக் கட்டிவிட்டு வந்தார். அதுவரை நிறுத்திவைத்தோம்.

பாறையில் குழந்தை வந்தது. என் குரல் வந்தது. அவர் திரும்பி என்னைப் பார்க்கவில்லை. பிறகு மகன் வந்தான். அம்மாக்காரி திரையின் அருகில் போய், "எளச்சுப் போயிட்டான்" என்றாள். அவன் தன் மனைவியோடு பேசிச் சிரித்த இடத்தை அவர் திரும்பப் போடச் சொன்னார். போட்டேன். இன்னொரு தடவையும் கேட்டார்.

முடிந்ததும் அவர் மனைவியை டீ வைக்கச் சொன்னார். பிறகு என்னிடம் மெதுவாகத்தான் சொன்னார்:

"அவ சொன்னா. நான் நம்புல. நீங்க சொன்னீங்க. அப்பவே நம்பிட்டேன்."

டீயைக் குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்றார். குடித்தேன்.

பெட்டியில் பூட்டிவைத்த அவள் போனை எடுத்துக்கொண்டு அவர் தானே முள்ளுக்குறிச்சிக்குப் போனார். அங்கே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. அவள் திரும்பி வர மேலும் ஒரு மாதம் ஆனது. மகனிடம் அவர் கோபித்துக்கொண்டதாகவும், அவன் லீவு போட்டு வந்து முதலில் மாமியார் வீட்டு வாசலில்தான் நின்றதாகவும் கேள்விப்பட்டேன். பிறகு அவன் மறுபடியும் குடகுக்குப் போனான்.

வாட்ஸாப் குழுவில் நான் சொன்னது பொய் என்று எழுதி, முழுப் படத்தின் லிங்கையும் போட்டேன். கட்டைவிரல் படம் போட்டவர்கள் உண்டு. பார்த்ததாகச் சொன்னவர்கள் இல்லை. போன மாதம் ஆத்தூரிலிருந்து ஓர் உறவினர், இந்தக் காலத்துப் பெண்கள் என்று தலைப்பிட்டு ஒரு வீடியோ அனுப்பினார். திறந்தால் நான் இருக்கிறேன், அலமாரிக்கு முன்னால்.

அவள் இப்போது சாயங்காலம் பாறைக்குப் போகிறாள். குழந்தை பக்கத்தில் கல் பொறுக்குகிறது. அவள் திரும்பி வந்த புதிதில் ஒருநாள் நான் அந்த வழியாக நடந்தேன். என்னைக் கண்டதும் அவள் எழுந்து நின்று ஹெட்போனைப் பிடுங்கினாள். போனிலிருந்து கணவன் குரல் வெளியே கேட்டது. ஏன் நின்னுட்ட, சுடறாங்க பாரு என்றான். சார் வாராருங்க என்றாள். அந்தப் பக்கத்திலும் பேச்சு நின்றது. நான் வளைவைத் தாண்டும்வரை அவள் உட்காரவில்லை. அன்றைய ஆட்டத்தில் அவர்கள் தோற்றிருப்பார்கள்.

இப்போது நான் காலையில் நடக்கிறேன்.