இடது பக்கத்துச் சூரியன்

என் அப்பா இருபத்தெட்டு வருடமாக மலை உச்சிக்கு வேன் ஓட்டுகிறார். சூரிய உதயம் பார்க்க வருகிறவர்களை விடியற்காலை நாலரை மணிக்கு ஏற்றிக்கொண்டு போவார். ஏழு மணிக்குள் கீழே கொண்டுவந்துவிட்டு, அடுத்த நடைக்கு ஆள் ஏற்றுவார். உச்சியில் வேன்கள் நிற்கும் இடம் குறுகலானது. யார் முதலில் வண்டியைத் திருப்பி இறக்கம் பார்த்து நிறுத்துகிறாரோ, அவர்தான் முதலில் கிளம்ப முடியும். அதனால் கடைசிப் பயணி இறங்கி முடிப்பதற்குள் அப்பா ரிவர்ஸ் கியரில் கை வைத்திருப்பார். மற்ற டிரைவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'முதல்வண்டி'.

வெளியில் எங்கே போனாலும் அப்படித்தான். சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால் செருப்பைக்கூட வாசலைப் பார்த்துத் திருப்பி வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவார். எந்தச் சினிமாவின் முடிவையும் அவர் பார்த்ததில்லை.

அக்காவுக்கு வெளிநாட்டில் நர்ஸ் வேலை கிடைத்தது. விமானத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது அவள் ஒன்று கேட்டாள்.

"நாளைக்கு நாம நாலு பேரும் மேல போய் உதயம் பாக்கணும். அப்பா என் பக்கத்துல நிக்கணும்."

ஊரே பார்த்த உதயத்தை நாங்கள் பார்த்ததில்லை. டிரைவர் வீட்டு ஆட்களுக்கு வேனில் என்றைக்கும் இடம் மிஞ்சாது.

"நான்தான் தினமும் பாக்குறேனே" என்றார் அப்பா.

"வண்டிக்குள்ள உக்காந்துதானே பாக்குறீங்க?"

அம்மா பெட்டியில் துணியை அடுக்கியபடி சொன்னாள். "என்னைப் பொண்ணு பாக்க வந்தப்பவே உங்கப்பா வண்டிய ஆஃப் பண்ணலடி."

அப்பா ஒப்புக்கொண்டார். அடுத்த நாள் நடைக்கு லீவு சொன்னார். உச்சியில் இறங்கியதும் சாவியை அக்காவிடம் கொடுத்துவிட வேண்டும் என்பது ஒப்பந்தம். கொடுத்தும் விட்டார். இருபத்தெட்டு வருடத்தில் முதல் தடவையாக அவர் வண்டி, உதயம் பார்க்கும் பக்கத்துக் கம்பி வேலியைப் பார்த்தபடி நின்றது.

வேலியின் நடுவில் ஒரு பெரிய மொட்டைப் பாறை இருக்கிறது. கூட்டம் முழுவதும் அதன் வலது பக்கம் போனது. நாங்களும் அந்தப் பக்கம் திரும்பினோம்.

"அங்க எங்க போறீங்க? அது விவரம் தெரியாத கூட்டம். பாறைக்கு இடது பக்கம்தான் வரும். தினம் பாக்குறவன் சொல்றேன்" என்று தடுத்தார் அப்பா.

இடது பக்கம் எங்கள் நாலு பேரைத் தவிர ஆள் இல்லை. நல்ல இடம் பிடித்துவிட்டோம் என்று நினைத்தேன். கீழே பள்ளத்தாக்கு நிறைய மேகம் கிடந்தது. வானம் மெல்ல வெளுத்தது. பின்னால் வேன்கள் ஒவ்வொன்றாகத் திரும்பும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு சத்தத்துக்கும் அப்பாவின் வலது கால் தரையை அழுத்தியது. அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப வந்துடும்" என்றார் அப்பா.

பாறைக்கு அந்தப் பக்கம் கூட்டம் 'ஓ'வென்று கத்தியது. நாங்கள் சுற்றிக்கொண்டு ஓடினோம். போய்ச் சேர்வதற்குள் சூரியன் மேகத்தை விட்டு இரண்டு முழம் மேலே ஏறியிருந்தது. பார்த்தவர்கள் வேனை நோக்கித் திரும்பி நடந்துகொண்டிருந்தார்கள்.

"என்ன முதல்வண்டி அண்ணே, பாறைக்குப் பின்னால என்ன தேடுனீங்க?" என்று ஒரு டிரைவர் கேட்டுவிட்டுப் போனார்.

அப்பா பாறையைப் பார்த்தார். இடது கையைத் தூக்கினார், பிறகு வலது கையை. எனக்குப் புரிந்துவிட்டது. "அப்பா, நீங்க தினமும் சைடு கண்ணாடியிலதானே பாத்தீங்க?"

அம்மா மட்டும் சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை.

"சாவியக் குடும்மா. வண்டியத் திருப்பணும்" என்றார் அப்பா. அக்காவின் முகம் சுருங்கியது. சாவியைக் கொடுத்தாள்.

மற்ற வேன்கள் இறங்கிப் போயிருந்தன. அப்பா வண்டியைத் திருப்பி, இறக்கம் பார்த்து நிறுத்தினார். எங்களை ஏறச் சொல்வார் என்று நின்றோம். அவர் இன்ஜினை அணைத்துவிட்டுக் கீழே இறங்கினார்.

"இங்க வாம்மா. என் சீட்டுல உக்காரு."

அக்கா ஏறி உட்கார்ந்தாள். அப்பா வெளியே நின்று, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி அவள் தலையோடு ஒட்டி வைத்துக்கொண்டு, சைடு கண்ணாடியைக் கொஞ்சம் திருப்பினார்.

"தெரியுதா?"

"தெரியுதுப்பா." அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பாறைக்கு இடது பக்கம்தான் இருக்கு."

"நான் அப்பவே சொன்னேன்ல."

கீழிருந்து மேகம் ஏறி வந்து பாறையை மூடும்வரை இருவரும் அப்படியே இருந்தார்கள். பிறகுதான் அப்பா வண்டியை எடுத்தார்.